சாட்சிக்கு வைத்த மீன்

நம் வயசுக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. காலையில் மாத்திரை போட்டோமா இல்லையா என்பது மறந்துபோகும். ஒன்பது வயதில் தண்ணீர் மொண்ட கொட்டாங்குச்சியில் எந்தப் பக்கம் ஓட்டை என்பது மறக்காது. எனக்கும் அப்படித்தான். போன வாரம் மணவாள நகரில் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர் புதுக் கம்பெனி கேன் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். "குடிச்சுப் பாருங்கம்மா, ஏ ஒன் தண்ணி" என்று மூடியைத் திறந்து காட்டினார். நான் குனிந்து உள்ளே பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது. "இன்னாம்மா அப்பிடிப் பாக்கறீங்கோ? உள்ளார மீனா கீது?" என்று சிரித்தார். அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவர் கேட்ட மீனைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. என் பிள்ளைகளுக்குச் சொன்னால், "சரிம்மா, அப்புறம்?" என்று போனைப் பார்ப்பார்கள். உங்களுக்குச் சொல்லலாம். பஞ்சத்திலும் புழுத்த ரேஷன் அரிசியிலும் நீந்தி வந்தவர்கள் நீங்கள்.

பழவேற்காட்டு உப்பேரியின் தென்கரையில் ஒரு குப்பத்தில் பிறந்தவள் நான். ஒரு பக்கம் உப்பேரி, இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், நடுவில் மணல் மேடு. மேட்டில் எங்கள் குடிசைகள். மேட்டைச் சுற்றிச் சேறும் உமிரிச் செடியும் முழங்கால் ஆழத்துக்குத் தேங்கிய உப்புத் தண்ணீரும். அந்தத் தேக்கத்தில்தான் பொட்டுமீன் இருந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. உடம்பு வைக்கோல் நிறம், உச்சந்தலையில் மட்டும் வெள்ளியாக ஒரு பொட்டு. மேலே நின்று பார்த்தால் மீன் தெரியாது, பொட்டுதான் தெரியும். தண்ணீரின் மேல்தோலில் வாயை வைத்துக்கொண்டு நகராமல் நிற்கும். நிழல் விழுந்தால் சட்டென்று ஒரு முழம் தள்ளிப்போய் மறுபடியும் நிற்கும். புத்தகத்தில் அதற்கு வேறு பெயர் இருக்கும். நான் தேடிப் பார்க்கவில்லை.

அதை யாரும் விற்க மாட்டார்கள், தின்ன மாட்டார்கள். கருவாட்டுக்கும் ஆகாது. பூனைக்குப் போட்டால் பூனை முகர்ந்து பார்த்துவிட்டு நம்மை ஒரு பார்வை பார்க்கும். பிள்ளைகளுக்குத்தான் அது. பள்ளிக்கூடத்தில் பால் காய்ச்சி ஊற்றுவார்களே, அந்தப் பால்பவுடர் வந்த டின் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் எப்போதும் நாலைந்து பொட்டுமீன்கள் வைத்திருப்பேன். உப்புத் தண்ணீரில் பிடித்ததை நல்ல தண்ணீரில் விடுவேன், சாகாது. நல்ல தண்ணீரிலிருந்து கஞ்சித் தண்ணீருக்கு மாற்றுவேன், சாகாது. மண்ணெண்ணெய் சிந்திய தண்ணீரில் ஒருநாள் முழுக்கக் கிடந்து, மறுநாள் வெள்ளிப்பொட்டோடு என்னைப் பார்த்தது. பக்கத்துக் குடிசையில் இருந்த அத்தை (அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன், அவருடைய அக்கா) கருவாட்டுக்கூடையைத் தலையில் தூக்கும்போதெல்லாம் என் டின்னை எட்டிப் பார்த்து, "எமனுக்கே டிமிக்கி குடுக்கும்டி அது" என்பாள். குப்பத்தில் யாருக்காவது நோய் வந்து பிழைத்துக்கொண்டால், "பொட்டுமீனு ஜென்மம்" என்று கிண்டல் செய்வார்கள். அதாவது, அது சாகாத மீன் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழக்கமும் சொல்ல வேண்டும். எங்களுக்குக் குடிதண்ணீர் என்றால் மணலில் தோண்டிய ஊற்றுதான். ஆள் இடுப்பளவு தோண்டினால் மழைத்தண்ணீர் மேலாகச் சுரக்கும். கொஞ்சம் ஆழம் போனால் உப்பு ஏறிவிடும். ஆகவே புது ஊற்று தோண்டினால் உடனே யாரும் குடிக்க மாட்டார்கள். மேற்கே கிராமத்துப் பக்கம் நல்ல தண்ணீர் ஏரியிலிருந்து கெண்டைக் குஞ்சு பிடித்துவந்து ஊற்றில் விடுவார்கள். கெண்டைக்கு உப்பு ஆகாது. மறுநாள் அது உயிரோடு இருந்தால், சுமங்கலி ஒருத்தி ஊற்றின் வாயில் மஞ்சள் குங்குமம் வைத்து முதல் குடம் மொள்ளுவாள். மல்லாந்து கிடந்தால் ஊற்றைத் தூர்த்துவிடுவார்கள். பேச்சே கிடையாது. "மனுசன் பொய் சொல்வான், மீன் சொல்லாது" என்பது எங்கள் குப்பத்து வாக்கு.

நான் சொல்லவந்த வருஷம் முகத்துவாரம் அடைத்துக்கொண்ட வருஷம். எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை. அதற்கு முந்தின மழை பொய்த்திருந்தது. கடலும் உப்பேரியும் சந்திக்கும் வாயை மணல் மூடிவிட்டால் உப்பேரி ஒரு பெரிய தட்டாகிவிடும். வெயில் அதைச் சுண்டக் காய்ச்சும். படகின் அடிவயிற்றில் உப்பு பொரிந்து நின்றது. காலை வைத்தால் தோல் எரிந்தது. பிறகு மீன்கள் மிதக்க ஆரம்பித்தன. மடவை, கெழங்கான், கெளுத்தி, எல்லாம் கரையோரம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு அடுக்கடுக்காகக் கிடந்தன. அந்த நாற்றம் துணியில் ஏறிக்கொண்டது, சோற்றில் ஏறிக்கொண்டது. ஆண்கள் எல்லாம் சேர்ந்து மண்வெட்டியோடு போய் முகத்துவாரத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். இவர்கள் வெட்ட வெட்டக் கடல் மண்ணைக் கொண்டுவந்து போட்டது.

எல்லாம் செத்துக் கிடந்த அந்தக் கரையில் பொட்டுமீன் மட்டும் நின்றுகொண்டிருந்தது. குளம்படிக் குழியில் தேங்கிய, கஞ்சிபோலக் கெட்டியான உப்புத் தண்ணீரில் வாயை மேலே வைத்துக்கொண்டு நின்றது. நைனா அதைப் பார்த்தபடி நிற்பார். வலை வீட்டு ஓரத்தில் மூட்டையாகக் கிடந்தது. "பாத்தியா கண்ணு, எல்லாம் பூட்ச்சி, இது கீது பார்" என்று என்னிடம் சொல்வார். அவர் குரலில் ஒரு மரியாதை இருக்கும். எங்கள் நிலைமைக்கு ஆறுதல் சொல்ல வேறு யாரும் இல்லாதபோது மனிதர் அந்த மீனிடம் ஆறுதல் தேடிக்கொண்டார் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தக் கோடையில்தான் அவர் கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போனார். அங்கே அப்போது பொட்டல்காட்டில் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. பஸ் பிடித்துப் பொன்னேரி போய், அங்கிருந்து பாசஞ்சர் ரயிலில் போவார். லாரியில் மூட்டையும் பீப்பாயும் ஏற்றி இறக்குகிற வேலை. முதல் நாள் திரும்பி வந்தபோது அவர் மேல் மீன் வாசனை இல்லை. இது யாரோ என்று எங்கள் நாய் குரைத்தது. அதைச் சொல்லிச் சொல்லி அத்தை ஒரு மாதம் சிரித்தாள்.

அம்மா அப்போது முழுகாமல் இருந்தாள். எனக்குப் பிறகு இரண்டு தங்காமல் போனவை. ஆகவே இந்தப் பிள்ளை நல்லபடியாக வரவேண்டும் என்பதுதான் வீட்டில் எல்லாருடைய வேண்டுதலும். மாரியாத்தாவுக்கு நேர்ந்துகொண்டார்கள். நைனா சுருட்டுப் பிடிப்பதை விட்டார். ஆனால் தண்ணீர்? ஊற்றுகள் எல்லாம் உப்பாகிவிட்டன. கால்வாய்க் கரையோடு வெகுதூரம் நடந்து, ஒரு நிலக்காரருடைய பம்புசெட்டில் மோட்டார் ஓடும் நேரம் பார்த்துப் பிடித்துவர வேண்டும். அம்மா இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாக அந்தக் கரையில் நடப்பாள். வயிறு முன்னால் போகும், அவள் பின்னால் போவாள். நான் சின்னத் தவலையோடு அவள் நிழலை மிதித்துக்கொண்டு போவேன்.

ஒருநாள் கரை சரிந்து அவள் விழுந்துவிட்டாள். வயிற்றில் அடிபடாமல் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். மண்குடம் உடைந்து தண்ணீர் அத்தனையும் மணல் குடித்துவிட்டது. அவள் வலிக்காக அழவில்லை. ஈரமான மணலைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். அதற்குத்தான் அழுதாள். அன்று சாயங்காலம் அவள் முழங்கையைப் பார்த்த நைனா சோறு சரியாகத் தின்னவில்லை.

அடுத்த வாரம் அவர் டிரம்மோடு வந்தார்.

பச்சை பெயிண்ட் அடித்த இரும்பு டிரம், கம்பெனிக்கு ஏதோ சரக்கு வந்து காலியானது. கம்பெனி லாரி அதை ரோட்டில் இறக்கிவிட்டுப் போக, அங்கிருந்து கால்வாய்க் கரை முழுக்க உருட்டிக்கொண்டே வந்தார். அது கல்லில் ஏறி இறங்கும்போதெல்லாம் கோயில் மேளம் மாதிரி சத்தம் கேட்டது. குப்பத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் பின்னால் ஓடிவந்தோம். பிரசவம் வரைக்கும் அம்மா குடம் தூக்கக்கூடாது என்பது அவர் கணக்கு. வேலை முடிந்து வந்து, சும்மா கிடக்கும் படகில் குடங்களை ஏற்றிக் கால்வாய் வழியே பம்புசெட்டுக்குப் போய், நிரப்பிவந்து டிரம்மில் கொட்டிவிடுவார். ஒருமுறை நிறைத்தால் பல நாளைக்கு வரும். அவ்வளவு பெரிய பாத்திரம் குப்பத்தில் யாரிடமும் இல்லை. எங்கள் வாசலில் அது நின்றபோது எங்களுக்கே ஒரு அந்தஸ்து வந்த மாதிரி இருந்தது.

உளியால் மூடியை வெட்டி எடுத்தார்கள். உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது. வார்னிஷ் மாதிரி, அதற்குள் கொஞ்சம் தித்திப்பு மாதிரி. அடியில் மஞ்சளாக ஒரு வளையம் படிந்திருந்தது. நைனா மணல் போட்டுத் தேய்த்தார், சாம்பல் போட்டுத் தேய்த்தார், புளி போட்டுத் தேய்த்தார். வெந்நீர் ஊற்றினார். உப்புத் தண்ணீர் நிரப்பிக் கிடக்கவிட்டார். வளையம் வெளுத்ததே தவிரப் போகவில்லை.

"நாறுது யா" என்றாள் அம்மா.

"கம்பெனி மேஸ்திரி ஊட்லயும் இதே டிரம்முதான் கீது. தேய்ச்சிக் கழுவினா ஒண்ணுமில்லன்னாரு."

"எனக்குக் கொமட்டிக்கினு வருது. இது வேணாம்."

அத்தை குறுக்கே விழுந்தாள். "ஏம்மே, புள்ளத்தாச்சிக்கு எதுதான் நாறாது? போன மாசம் நீ மல்லாட்டை வறுத்தா நாறுதுன்னே. சோறு வேகற வாசன புடிக்கலன்னு எழுந்து ஓடினே. தம்பி ஆசயா கொண்ணாந்துகீறான்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. ஒரு பெண்ணின் மூக்கு அவள் வாழ்நாளிலேயே கூர்மையாக இருந்த சமயத்தில், அந்தக் கூர்மையைக் காரணம் காட்டியே அதைத் தள்ளிவிட்டார்கள். அந்த அத்தையைவிட அம்மாவின் மேல் பிரியம் வைத்தவர்கள் யாரும் இல்லை. அதுதான் எனக்கு ஆறாதது.

அம்மா அப்படியும் விடவில்லை. "கெண்ட வுட்டுப் பாரு. அது இருந்தா நான் குடிக்கறேன்" என்றாள்.

"கெண்டைக்கு எங்க போறது? ஏரியில மாடு மேயுது" என்றாள் அத்தை.

அது உண்மைதான். நல்ல தண்ணீர் ஏரி வெடித்துக் கிடந்தது. கெண்டை எங்கும் இல்லை. நைனா தோளில் இருந்த துண்டை எடுத்துக்கொண்டு மேட்டை விட்டு இறங்கினார். உமிரிச் செடிகளுக்கு நடுவே குனிந்து துண்டால் ஒரு வீச்சு. ஏந்திக்கொண்டு வந்து காட்டினார். ஈரத் துண்டில் ஒரு பொட்டுமீன் துள்ளிக்கொண்டிருந்தது.

"மீனுன்னா மீனுதானே. அதுவும் இது சாமி மீனு. அத்தினியும் செத்தப்போ இது ஒண்ணுதான் நின்னுது" என்றார்.

சாகாத மீன் என்று ஊரெல்லாம் கிண்டல் செய்த மீனை, தண்ணீர் கொல்லுமா கொல்லாதா என்று கேட்பதற்கு வைத்தார்கள். அது மேல்தண்ணீரில் நிற்கிற மீன்; அடியில் இருக்கும் மஞ்சள் வளையத்துக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்று அத்தனை பெரியவர்கள் நின்றும் ஒருவருக்கும் தோன்றவில்லை. பார்க்க வேண்டும் என்று நினைத்ததைத்தான் கண் பார்க்கும்.

மறுநாள் காலை டிரம்மின் மேல் வெயில் விழுந்தபோது, நடுவில் வெள்ளிப்பொட்டு அசையாமல் நின்றது. அத்தை குலவையிட்டாள். அம்மாவே டிரம்மின் வாயில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். முதல் சொம்பை மொண்டு நைனா அவளிடம் கொடுத்தார். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு குடித்தாள்.

அந்த மீன் அங்கேயே தங்கிவிட்டது. கொசுப்புழுவைத் தின்னும் என்று விட்டுவைத்தார்கள். நான் சோற்றுப் பருக்கை போடுவேன். தண்ணீர் மொள்ளும்போது சொம்புக்குள் வந்துவிடாமல் அது தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். எங்கள் வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டது.

நைனாவும் நானும் பகலில் வீட்டில் இருப்பது குறைவு. அவருக்குக் கம்பெனியில் தண்ணீர், எனக்குப் பள்ளிக்கூடத்தில் தண்ணீர். அம்மாதான் எல்லாவற்றுக்கும் அந்த டிரம்மை நம்பி இருந்தாள். மழை தள்ளிப்போகப் போக, அடித்தண்ணீரைச் சாய்த்து மொண்டாள். அவளுக்கு வயிறு எரிந்தது. முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. "வயித்துல பொட்டப் புள்ள, அதான் தாயோட அழக எடுத்துக்குது" என்றார்கள். சோற்றில் வாடை அடிக்கிறது என்று அவள் சொல்லவே இல்லை. சொல்லிச் சிரிப்பு வாங்கியாயிற்று. மேலே மீன் வேறு இருக்கிறது.

புரட்டாசியில் தங்கச்சி பிறந்தாள். சொன்ன மாதிரியே பொட்டப் பிள்ளைதான். நைனா அவளை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, "இறா கணக்கா கீது பாரேன்" என்றார். அவ்வளவு சின்னது. நிறமும் அப்படித்தான், உள்ளே இருப்பது வெளியே தெரிகிற தோல். பால் குடிக்க வாய் வைப்பாள், இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுக் களைத்துத் தூங்கிவிடுவாள். அழுகை பூனைக்குட்டியின் சத்தத்துக்கு மேல் எழும்பாது. அவள் விரலை நான் பிடித்துக்கொள்வேன். அவள் பிடிக்க மாட்டாள்.

பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனோம். டாக்டரம்மா நல்ல மாதிரி. பொறுமையாகத்தான் கேட்டார். பாப்பாவுக்கு என்ன கொடுக்கிறீர்கள்? தாய்ப்பால். அம்மா என்ன சாப்பிடுகிறாள்? சோறு, கருவாட்டுக் குழம்பு. தண்ணீர் எங்கேயிருந்து?

"பம்புசெட்டு தண்ணிங்கம்மா. சோக்காக் கீதுங்க. மீனு வுட்டுப் பாத்துக்கீறோம்" என்றார் நைனா.

டாக்டரம்மா லேசாகச் சிரித்து, "காய்ச்சிக் குடிங்க" என்றார். அன்றிலிருந்து டிரம் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தாள் அம்மா. நைனா பொய் சொல்லவில்லை. தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டதற்கு எங்கேயிருந்து என்று சொன்னார். எதில் வைத்திருக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. பிற்காலத்தில் நான் கோர்ட்டில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது, சாட்சி சொன்னதை மட்டும் அடிக்க வேண்டும், நீயாகக் கூட்டாதே என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னார்கள். எனக்கு அது புதுப் பாடமாக இல்லை.

ஐப்பசி பிறந்ததும் மழை கொட்டியது. அத்தனை நாள் வராத மழை மொத்தமாக வந்தது. கூரை ஒழுகாத மூலையாகப் பார்த்துத் தங்கச்சியைக் கிடத்தியிருந்தார்கள். ஊரே மழைக்காகச் சந்தோஷப்பட்ட அந்த நாட்களில், ஒரு மத்தியானம், அம்மா மடியிலேயே அவள் அடங்கிவிட்டாள். தூங்குகிறாள் என்று நினைத்து அம்மா வெகுநேரம் ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். இன்னும் பெயர் வைக்கவில்லை. நைனா தம் வேட்டியைக் கிழித்துச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். சவுக்குத் தோப்பில் தோண்டிய குழியில் ஊற்று சுரந்துகொண்டே இருந்ததாம். மேடான இடம் தேடித்தேடிப் போனதாக அத்தையிடம் சொல்லி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

டிரம்தான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. நானும் சத்தியம் பண்ணமாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் இருக்கும். மழை விட்டிருந்தது. மேட்டில் புது ஊற்று தோண்டியிருந்தார்கள். ஏரி நிரம்பிவிட்டதால் அத்தை கருவாடு விற்கப் போன இடத்திலிருந்து தூக்குச்சட்டியில் கெண்டைக் குஞ்சுகள் கொண்டுவந்தாள். ஊற்றில் விடச் சாயங்காலம் ஊர்ப் பெரியவர் வரவேண்டும். அதுவரைக்கும் சட்டியில் கிடந்தால் நெரிசலில் செத்துவிடும் என்று, போகிற போக்கில் எங்கள் டிரம்மில் கவிழ்த்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தாள். அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

நான் டிரம்முக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். கெண்டைகள் விர்ரென்று அடிக்குப் போயின. கெண்டையின் குணம் அது. அடியில் ஒரு சுற்றுச் சுற்றின. பிறகு ஒவ்வொன்றாக, கிறுகிறுத்தவை மாதிரி சாய்ந்து சாய்ந்து மேலே வந்தன. வாயைத் திறந்து திறந்து மூடின. அத்தை சுண்ணாம்பு தடவி முடிப்பதற்குள் வெள்ளை வயிறுகள் மிதந்தன. அவற்றுக்கு நடுவே பொட்டுமீன் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தது.

"அத்தே, கெண்ட செத்துப்போச்சி" என்றேன்.

அவள் எழுந்து வந்து பார்த்தாள். மடித்த வெற்றிலை கையிலேயே இருந்தது. குடிசைக்குள்ளிருந்து நைனா வந்தார். அவர் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா வந்தாள். நாலு பேரும் டிரம்மைச் சுற்றி நின்றோம். யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அத்தை தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். "நான்தானே சிரிச்சேன். நான்தானே சிரிச்சேன்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள்.

நைனா டிரம்மை எட்டி உதைத்தார். தண்ணீர் வாசல் முழுக்கப் பரவி மணலில் இறங்கியது. கெண்டைகள் சிதறிக் கிடந்தன. பொட்டுமீன் மட்டும் ஈரத்தில் துள்ளிக்கொண்டிருந்தது. அவர் துடுப்பை எடுத்து ஓங்கினார்.

"அத ஏன் யா கொல்ற?" என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "அது இன்னா பண்ணிச்சி? நான் உயிரோட கீறேன்னுதான் அது சொல்லிச்சி. தண்ணி நல்லாக்கீதுன்னு அது சொல்லலியே."

துடுப்பு அப்படியே நின்றது. அம்மா குனிந்து, பிரசவ உடம்பு வலிக்க மெதுவாகக் குனிந்து, மீனை ஈர மணலோடு உள்ளங்கையில் அள்ளினாள். என் பால் டின்னைக் கேட்டாள். மழைத்தண்ணீர் கொஞ்சம் மொண்டு அதில் விட்டாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு கூடப் போனேன். கால்வாய் புதுத் தண்ணீரில் கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. கரையோரம், ஓட்டம் இல்லாத இடமாகப் பார்த்துச் சாய்த்தாள். அது உடனே போகவில்லை. வழக்கமான வெள்ளிப்பொட்டோடு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒரு முழம் தள்ளிப்போனது. அம்மா டின்னைக் கழுவி என்னிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு நான் அதில் மீன் வைக்கவில்லை. எந்த வீடு மாறும்போது அந்த டின் தொலைந்தது என்று தெரியவில்லை.

நைனா அந்த டிரம்மில் கடப்பாரையால் சுற்றிச் சுற்றி ஓட்டை போட்டார், இனி யாரும் எடுத்து வைத்துக்கொள்ளாதபடிக்கு. வேலைக்குப் போனதும் மேஸ்திரியிடம் சொன்னாராம். மேஸ்திரி, "எங்க ஊட்ல அல்லாரும் நல்லாத்தானப்பா கீறாங்கோ" என்றாராம்.

முகத்துவாரம் அந்த மழையில் தானாகவே உடைந்தது. மற்றவர்கள் உப்பேரிக்குத் திரும்பினார்கள். அம்மாவால் அந்த மேட்டில் இருக்க முடியவில்லை. வாசலைக் கடக்கும்போதெல்லாம் டிரம் நின்ற வட்டத்தைச் சுற்றிக்கொண்டு நடப்பாள். ஆகவே படகைக் கொடுத்துவிட்டுக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் குடிபோனோம். நைனா அதே கம்பெனியில் நிலைத்துவிட்டார். அந்தச் சம்பளத்தில்தான் நான் டைப் அடிக்கப் படித்தேன். அதையும் மறைக்கக்கூடாது. வருஷம் போகப் போக அவர் நகங்கள் மஞ்சளாகிப் பிளந்தன. இருமல் வந்தது, போகவில்லை. அவரோடு சேர்ந்தவர்களில் சிலர் ஊருக்குத் திரும்பினார்கள், சிலர் இல்லாமலே போனார்கள். அவர் மட்டும் காலையில் சோற்றுத் தூக்கோடு கிளம்பிக்கொண்டே இருந்தார்.

நான் கல்யாணமாகி முதல் தீபாவளிக்கு வந்திருந்தபோது, குப்பத்திலிருந்து பங்காளி ஒருத்தர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் மீசை அரும்பின வயசு. ஏரியில் ஒன்றும் கிடைப்பதில்லை, இவனையும் கம்பெனியில் சேர்த்துவிட வேண்டும் என்றார்.

"கம்பெனி எப்பிடிண்ணே? ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணாதே?" என்று கேட்டுவிட்டு, அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். "இன்னா பண்ணப்போவுது. நீ எத்தினி வருசமா போய்க்கினு வந்துக்கினு கீறே. நல்லாத்தானே கீறே. ஒன்னப் பாத்துதான் இட்டாந்தேன்."

நைனா இருமி முடிக்கும்வரை காத்திருந்தார்கள். அவர் பையனின் முகத்தைப் பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"என்னப் பாத்து அனுப்பாதடா" என்றார். "நான் பொட்டுமீனு."

பங்காளி தொடையில் தட்டிச் சிரித்தார். பழைய குப்பத்துக் கிண்டல் என்று நினைத்துக்கொண்டார். அவர் மகனும் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. உள்ளே போய் இரண்டு பேருக்கும் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.